உலோக விசிலைச் சுத்தம் செய்ய எது சரி: சோப்பு நீரா, சமையல் சோடாவா, வினிகரா, எலுமிச்சையா?

வினிகரில் ஊறப் போடச் சொல்வார் ஒருவர். வேண்டவே வேண்டாம், சமையல் சோடா போதும் என்பார் இன்னொருவர். மூன்றாமவரோ எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு விசிலுக்குச் சரிதான். உங்கள் கையில் இருப்பதற்குச் சரியா என்பதில்தான் சிக்கல். வெறும் பித்தளையை மின்ன வைக்கும் அதே உப்பும் புளிப்பும் எவர்சில்வரில் புள்ளிக்குழி விழச் செய்யும், நிக்கல் முலாமை மங்கடிக்கும். உள்ளே தக்கை உருண்டை இருந்தால் அது ஊறிப் பருத்து அசையாமல் நின்றுவிடும்.

விசிலின் ஓசையைக் கெடுப்பதும் நாற்றமடிப்பதும் உள்ளே படிந்த அழுக்கு. கண்ணை உறுத்துவது வெளியே படிந்த கறுப்பு. இரண்டும் வேறு வேறு பொருள்கள், இரண்டுக்கும் மருந்தும் வேறு. வெளிக் கறுப்புக்காகத் தேடி எடுத்த புளிப்பை உள்ளேயும் ஊற்றி, சரியாக ஊதிக்கொண்டிருந்த விசிலைக் கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது?

### 1. என்ன உலோகம்?

பழைய பாணி விளையாட்டு விசில்கள் பெரும்பாலும் பித்தளைத் தகட்டை அழுத்தி வளைத்து, ஈயப் பற்று வைத்து ஒட்டி, மேலே நிக்கல் முலாம் பூசியவை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்சனின் நிறுவனம் 1884-இல் கொண்டுவந்த ஆக்மி தண்டரர் என்ற விசில் இந்த வகைக்கு முன்மாதிரி. வெள்ளி நிறமாக இருப்பதால் இதை எஃகு என்று நினைத்துவிடுவது எளிது. கயிறு மாட்டும் வளையத்தின் அடியிலும் பல் படும் ஓரத்திலும் உற்றுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அது முலாம் பூசிய பித்தளை.

மேலே முலாமே இல்லாத மஞ்சள் பித்தளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் பித்தளை. கை பட்ட சில வாரங்களில் மங்கத் தொடங்கும். மற்றது நிறமற்ற வார்னிஷ் பூசியது. ஆண்டுக்கணக்கில் பளபளப்பாக இருந்துவிட்டு, பிறகு திட்டுத் திட்டாக உரியும். வார்னிஷ் பூசியதைத் தேய்க்கக் கூடாது. உரிந்த ஓரத்தின் வழியே புளிப்பு அடியில் ஊர்ந்து போய், முன்பைவிட அசிங்கமான வளையக் கறையை உண்டாக்கும்.

எடையே இல்லாததுபோல் இருந்து, சிவப்பு, நீலம் என்று நிறம் ஏற்றப்பட்டிருந்தால் அலுமினியம். கனமாக, ஒரே சீரான சாம்பல் வெள்ளையாக, எந்த ஓரத்திலும் மஞ்சள் தெரியாமல் இருந்தால் எவர்சில்வராக இருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் வைத்துப் பார்ப்பது அரைகுறை உதவிதான். பித்தளையில் ஒட்டாது, எவர்சில்வரின் பல வகைகளிலும் ஒட்டாது. நன்றாக இழுத்து ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு இருக்கக்கூடும். அதை எந்தப் புளிப்பிலும் வைக்காதீர்கள், முலாம் விட்ட இடத்தில் துரு பிடித்துவிடும்.

### 2. உள்ளே உருண்டை இருக்கிறதா?

ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் உருண்டை உண்டு. மேல் திறப்பின் வழியே பார்த்தால் பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது தக்கை, வழவழப்பாக இருப்பது பிளாஸ்டிக். எந்த ஊறவைப்புக்கும் தக்கைதான் எல்லை வகுக்கிறது. நீரை மெதுவாகக் குடித்துப் பருக்கும், வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூட்டில் காய்ந்தால் சுருங்கி உதிரும். உருண்டையை வெளியே எடுத்துக் கழுவவும் வழியில்லை. திறப்பைவிட அது பெரிதாக இருப்பதால்தான் உள்ளேயே கிடக்கிறது.

### 3. அழுக்கு எந்த வகை?

- வழுவழுப்பும் நாற்றமும்: எச்சிலில் உள்ள புரதம், சர்க்கரை கலந்த பானத்தின் மிச்சம், அதில் வளரும் நுண்ணுயிர்கள். சோப்பு நீருக்குப் போகும்.
- ஊதுவாய்க்குள் வெள்ளைப் படிவு: எச்சிலிலும் குழாய் நீரிலும் உள்ள கால்சியம் உப்புகள் காய்ந்து கெட்டிப்பட்டது. சோப்புக்கு அசையாது, புளிப்பில் கரையும்.
- கறுப்பு, பழுப்பு: பித்தளையில் உள்ள செம்பு காற்றோடும் வியர்வையோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம். புளிப்பில் கரையும், தேய்த்தாலும் போகும்.
- பச்சை: களிம்பு. முலாம் போய் பித்தளை வெளியே வந்துவிட்டதற்கு அடையாளம். செம்பு உப்புகள் உடலுக்கு ஆகாதவை. வாய் படும் இடத்தில் களிம்பு இருந்தால் எடுத்த பிறகுதான் ஊத வேண்டும்.

### 4. வாயில் வைக்கிற பொருள்

பித்தளை விளக்குக்கு ஏற்ற எல்லாமே விசிலுக்கு ஏற்றதல்ல. தேய்த்த பின் உள்ளே என்ன தங்குகிறதோ அது ஊதும்போது உதட்டிலும் நாக்கிலும் படும். நீரில் முழுக்கக் கரைந்து வெளியேறும் பொருளா, இல்லையா என்பது இங்கே பெரிய அளவுகோல்.

### 5. ஓசை

ஊதுவாயிலிருந்து குறுகிய பாதை வழியாக வரும் காற்று, மேல் திறப்பின் எதிர் விளிம்பில் மோதிப் பிளவுபடும்போதுதான் ஓசை பிறக்கிறது. அந்த விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து மழுக்கினால் ஓசை இரைச்சலாகும், மெல்ல ஊதினால் எழும்பாது. காற்றுப் பாதையில் சிறு நார் சிக்கினாலும் அதே கதி. எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் திறப்பின் விளிம்பை மட்டும் தேய்க்காதீர்கள்.

## வெதுவெதுப்பான நீரும் சோப்பும்

கயிற்றையும், ஊதுவாயில் ரப்பர் உறை இருந்தால் அதையும் கழற்றுங்கள். உறைக்கு அடியில்தான் அழுக்கு கெட்டியாக இருக்கும். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில், அதாவது கை பொறுக்கும் 40 பாகை செல்சியஸ் அளவில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். உருண்டை இல்லாத விசிலை 10 நிமிடம் ஊற வைக்கலாம். பிளாஸ்டிக் உருண்டை என்றாலும் அப்படியே. தக்கை உருண்டை என்றால் ஊற வைக்காமல், உள்ளே சோப்பு நீரை ஊற்றி, திறப்புகளை விரலால் மூடிக்கொண்டு அரை நிமிடம் குலுக்கிக் கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

காற்றுப் பாதைக்குப் பல் இடுக்கில் விடும் சிறு பிரஷ்தான் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். வெளியே பழைய பல் பிரஷ், மென்மையான வகை. காதுக்கான பஞ்சுக் குச்சி வேண்டாம். தகட்டின் ஓரத்தில் பட்டுப் பஞ்சு பிய்ந்து பாதையிலேயே தங்கிவிடும். ஊசி, குண்டூசி, கம்பி எதுவும் உள்ளே போகக் கூடாது.

இந்த வழியின் மறைவான செலவு அலசுவதில் இருக்கிறது. சோப்பு தங்கினால் ஊதும்போது குமிழி வரும், சோப்புச் சுவை நாக்கில் ஏறும். சுத்தமான நீரை நிரப்பிக் குலுக்கிக் கொட்டும்போது நுரை வருவது நிற்கும் வரை அலச வேண்டும். மூன்று நான்கு தடவை ஆகும். வாசனை மிகுந்த திரவம் தக்கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாசனை குறைந்ததே நல்லது.

வழுவழுப்பு, நாற்றம், வியர்வை, மண் எல்லாவற்றுக்கும் இது போதும், எல்லா உலோகத்துக்கும் ஆகும். வார்னிஷ் பூசியது, நிறமேற்றிய அலுமினியம், வண்ணம் அடித்தது ஆகியவற்றுக்கு இது தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதனால் போகாதவை வெள்ளைப் படிவும் கறுப்பும் களிம்பும்.

## சமையல் சோடா

சோடியம் பைகார்பனேட் லேசான காரத்தன்மை கொண்டது; அதன் கரைசலின் பி.ஹெச் அளவு ஏறத்தாழ 8.3. விசிலுக்கு இது இரண்டு வேலை செய்யும்.

நாற்றத்துக்குக் கரைசலாக: 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு. 10 நிமிடம் போதும், பிறகு அலசல். எச்சில் புளித்த வாடையில் இருக்கும் அமிலங்களை இது சமன்படுத்துகிறது. வாசனைப் பொருளைப் போட்டு மறைப்பதைவிட இது மேல்.

மங்கலுக்குக் குழைவாக: மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு நீர். ஈரத் துணியில் எடுத்து, ஒரே திசையில், அழுத்தாமல் ஒரு நிமிடம். சோடாத் துகள் மென்மையானது, நிக்கலை எளிதில் கீறாது. ஆனாலும் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த முலாமை அடிக்கடி தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக அது போகத்தான் செய்யும்.

சோடாவின் பெரிய பலத்தைப் பலர் கவனிப்பதில்லை: அது கரைந்து போகும். 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 9 கிராம் கரையும். உள்ளே கொஞ்சம் புகுந்து காய்ந்து கட்டியானாலும் வெதுவெதுப்பான நீரை இரண்டு முறை ஊற்றினால் வெளியேறிவிடும். பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள்கள் அப்படியல்ல. சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ நீரில் கரையாது, மூலையில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் நாக்கில் நறநறக்கும்.

எங்கே தவறுகிறது? சோடா கறுப்பைக் கரைப்பதில்லை, தேய்த்துத்தான் எடுக்கிறது. ஆகவே கனமாகக் கறுத்துப்போன பித்தளையில் கை வலிக்கத் தேய்த்தும் பாதிதான் போகும். அலுமினியத் தாளைச் சேர்த்து வெந்நீரில் போடும் வித்தை வெள்ளி விசிலுக்கு வேலை செய்யும். பித்தளைக்கும் நிக்கலுக்கும் பயனில்லை. அலுமினிய விசிலில் சோடா வேண்டாம். வெந்நீரோடு சேர்ந்தால் அது கறுக்கும், நிறமும் மங்கும்.

பெயர்க் குழப்பமும் ஆபத்து. துணி துவைக்கும் சலவை சோடா இதைவிட மிகக் கடுமையான காரம், இதற்கு மாற்றாகாது. பேக்கிங் பவுடரில் மாவுச்சத்து கலந்திருக்கும். ஈரம் பட்டால் பசையாகி காற்றுப் பாதையை அடைக்கும்.

## வினிகர்

கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் சுமார் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் இருக்கும். கால்சியப் படிவைக் கரைப்பதில் வீட்டுப் பொருள்களில் இதற்கு நிகரானவை குறைவு. ஆகவே ஊதுவாய்க்குள் வெள்ளையாகக் கெட்டிப்பட்டு ஓசை அடைத்துப் போயிருந்தால், சோப்பை அடுத்துக் கை நீட்ட வேண்டியது இதற்குத்தான். வெளியே மின்ன வைக்க அல்ல.

முழு விசிலையும் மூழ்கடிக்கத் தேவையில்லை. வினிகரையும் நீரையும் சரிபாதியாகக் கலந்து, ஒரு சிறிய கிண்ணத்தில் ஊதுவாய் மட்டும் முங்கும் ஆழத்துக்கு ஊற்றுங்கள். விசிலை ஊதுவாய் கீழாகச் சாய்த்து நிறுத்துங்கள். திரவம் தன் மட்டத்துக்குத்தான் உள்ளே ஏறும், உருண்டை இருக்கும் அறைக்குப் போகாது. தக்கை உருண்டை உள்ள விசிலுக்கு வினிகரைப் பயன்படுத்த இந்த ஒரு முறைதான் உண்டு. அதிகபட்சம் 10 நிமிடம். பின் பல் இடுக்கு பிரஷால் தள்ளி, அலசி, மீதி இருந்தால் மறுபடி ஒரு 10 நிமிடம். எவர்சில்வரில், உருண்டை இல்லாவிட்டால், முழுதாகவே 15 நிமிடம் வைக்கலாம். உப்பு மட்டும் சேரக் கூடாது.

இரவு முழுக்க ஊற வைப்பது பலரும் சொல்லும் யோசனை. மோசமான யோசனை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன. அமிலம் துத்தநாகத்தை முந்தி அரித்துவிடுவதால், மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாகத் தெரியும். பாதி முங்கிய நிலையில் விட்டாலோ அதைவிடத் தொல்லை: வினிகர் ஆவியும் காற்றும் சேர்ந்து திரவத்தின் மட்டத்தை ஒட்டிப் பச்சையாகப் படியும். செம்புத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்துப் பச்சை நிறப்பொடி தயாரித்த காலம் ஒன்று உண்டு. களிம்பை எடுக்க வைத்த விசிலில் நீங்கள் அதையே தயாரித்துக்கொண்டிருப்பீர்கள். நிக்கல் முலாமும் நேரம் கூடக்கூட மங்கும். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள், முலாம் பூசிய விசிலில் புளிப்பு எதையும் தவிர்ப்பது நல்லது.

மற்ற மறைவான செலவுகள்: தக்கையில் பட்டால் வாடை போக நாள்கள் ஆகும். பழைய விசிலின் பற்று வைத்த கோட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை அமிலத்தில் ஊற வைத்துவிட்டு வாயில் வைப்பது வேண்டாத வேலை.

### வினிகரும் சோடாவும் சேர்ந்தால்?

நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்படுத்திக்கொண்டு, கரியமில வாயு வெளியேறி, மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கரைந்த நீர். 100 மி.லி. வினிகரில் 7 கிராம் சோடாவைப் போட்டால் இரண்டின் திறனும் கிட்டத்தட்ட முழுக்கத் தீர்ந்துவிடும். நுரை, தளர்ந்து கிடக்கும் மண்ணைக் கொஞ்சம் அசைக்கும்; குலுக்கினாலும் அசையும். இரண்டையும் பயன்படுத்த வேண்டுமென்றால் அடுத்தடுத்துச் செய்யுங்கள்: முதலில் வினிகர், அலசல், பிறகு சோடாக் கரைசலில் ஒரு நிமிடம், மறுபடி அலசல். மிச்சமிருக்கும் புளிப்பைச் சோடா முறிக்கும். அந்த வரிசையில் அது பயனுள்ள வேலை.

பிளீச்சிங் திரவத்தை மட்டும் வினிகர், எலுமிச்சை எதோடும் சேர்த்துவிடாதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வரும்.

## எலுமிச்சையும் உப்பும், புளியும்

வெறும் பித்தளையின் கறுப்புக்கு இவைதான் வேகமானவை. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். இரண்டும் செம்பின் கறுப்புப் படலத்தைக் கரைக்கின்றன. உப்பில் உள்ள குளோரைடு அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. உப்பில்லாமல் தேய்த்துப் பார்த்தாலே வேறுபாடு புரியும். அதே குளோரைடுதான் எவர்சில்வரையும் அலுமினியத்தையும் புள்ளி புள்ளியாக அரிப்பதும்.

முதலில் ஊதுவாயையும் மேல் திறப்பையும் ஒட்டும் டேப்பால் மூடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்குவதுதான் பெரும்பாலான கோளாறுக்குக் காரணம். எலுமிச்சை மூடியில் கால் தேக்கரண்டி பொடியுப்பு வைத்து 30 முதல் 60 வினாடி தேய்த்து, உடனே ஓடும் நீரில் கழுவுங்கள். கல்லுப்பு வேண்டாம், அதன் முனை கீறும். கழுவியபின் சோடாக் கரைசலில் ஒரு முக்கு, மறுபடி நீர், துணியால் துடைத்து உலர்த்தல். டேப்பைக் கடைசியில் எடுங்கள்.

புளி என்றால் நெல்லிக்காய் அளவு எடுத்து, 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊற வைத்துக் கரைத்து, நார் இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாத புளியின் ஒரு நார் போதும், காற்றுப் பாதையை அடைக்க. கெட்டியாக இருப்பதால் பூசிய இடத்தில் நிற்கும், எலுமிச்சைச் சாறுபோல் ஓடாது. வளையத்தின் அடி, எழுத்துப் பொறித்த பள்ளம் போன்ற இடங்களுக்கு இதுவே வாகு. இரண்டு மூன்று நிமிடம் விட்டுத் தேய்க்கலாம்.

தேய்த்தபின் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். லேசான சிவப்பு என்றால் சோடாக் குழைவால் மென்மையாகத் தேய்த்தால் போய்விடும். ஆழமாக இறங்கியது போகாது.

பளபளப்பு நிற்காது என்பது இன்னொரு விலை. பழைய படலம் உலோகத்துக்கு ஒருவிதக் காப்பாக இருந்தது. அதை எடுத்ததும் புதிய பரப்பு காற்றுக்கும் விரல் ஈரத்துக்கும் நேராக வெளிப்படுகிறது, சீக்கிரமே மங்குகிறது. எண்ணெய் தடவி வைக்கலாமா என்றால், வாயில் வைக்கும் பொருளில் வேண்டாம். தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும்.

நிக்கல் முலாம் பூசிய விசிலுக்கு இந்த வழி தேவையே இல்லை. அதில் கறுப்பாகத் தெரிவது பல நேரம் முலாம் போன இடத்துப் பித்தளைதான். அந்த இடத்தை மட்டும், டேப் மூடிய நிலையில், புளிக்கரைசல் தொட்ட துணியால் சில வினாடி ஒற்றி எடுக்கலாம். உப்பில்லாமல்.

## மாவுக் குழைவு, சாம்பல், தக்காளி சாஸ்

100 மி.லி. வினிகர், ஒரு தேக்கரண்டி உப்பு, குழைவாக வரும்வரை மாவு என்று ஒரு வழி உண்டு. வெறும் பித்தளையில் பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவுவது. ஓடாமல் ஒட்டி நிற்பது இதன் நன்மை. காற்றுப் பாதையில் புகுந்து காய்ந்தால் பசையாக இறுகுவது தீமை. புளி இருக்கும்போது இதற்கு அவசியம் இல்லை. தக்காளி சாஸும் இதே கணக்கு: கொஞ்சம் அமிலம், கொஞ்சம் உப்பு, கூடவே கழுவ வேண்டிய சர்க்கரை.

சாம்பலில் கரகரப்பான துகள் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும், முலாமைக் கீறும். எஃகு நார் எந்த விசிலுக்கும் வேண்டாம். கீறல் ஒரு பக்கம், அது விட்டுச்செல்லும் இரும்புத் துணுக்குகள் எவர்சில்வரிலேயே துருப்புள்ளியாகத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த அழுக்குக்கு | எதற்கு ஆகாது | தக்கை உருண்டை | நேரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| சோப்பு நீர் | வழுவழுப்பு, நாற்றம், மண் | எல்லாவற்றுக்கும் ஆகும் | குலுக்கிக் கொட்டலாம் | 5–10 நிமிடம் | நன்றாக அலசாவிட்டால் நுரை, சுவை |
| சோடாக் கரைசல் | நாற்றம், புளிப்பை முறிக்க | அலுமினியம், வார்னிஷ் | குலுக்கிக் கொட்டலாம் | 10 நிமிடம் | கிட்டத்தட்ட இல்லை |
| சோடாக் குழைவு | லேசான மங்கல் | அலுமினியம், வார்னிஷ் | உள்ளே விடாதீர்கள் | 1 நிமிடம் | தேய்ந்த முலாம் மேலும் தேயும் |
| வினிகர், சரிபாதி நீர் | வெள்ளைப் படிவு | அலுமினியம், வார்னிஷ், இரும்பு | ஊதுவாய் மட்டும் | 10 நிமிடம் | வாடை, இளஞ்சிவப்பு, களிம்பு |
| எலுமிச்சை, உப்பு | கனத்த கறுப்பு, களிம்பு | வெறும் பித்தளை தவிர மற்ற எல்லாம் | டேப் கட்டாயம் | 1 நிமிடத்துக்குள் | சீக்கிரம் மறுபடி மங்கும் |
| புளி | கறுப்பு, பள்ளத்து அழுக்கு | அலுமினியம், வார்னிஷ், இரும்பு | டேப் கட்டாயம் | 2–3 நிமிடம் | நார், தக்கையில் பழுப்புக் கறை |

## யாருக்கு எது?

நிக்கல் முலாம், தக்கை உருண்டை: பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான். சோப்பு நீர் குலுக்கல், நாற்றம் இருந்தால் சோடாக் கரைசல் குலுக்கல். ஊதுவாயில் வெள்ளைப் படிவு இருந்தால் மட்டும் வினிகரில் ஊதுவாய் முங்கல். எலுமிச்சைப் பக்கமே போக வேண்டாம்.

எவர்சில்வர், உருண்டை இல்லாதது: கவலையில்லாத விசில். சோப்பு, தேவைப்பட்டால் வினிகர். முழுக்க உலோகமாக இருந்தால் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டும் எடுக்கலாம். பலர் ஊதும் விசில் என்றால் இது முக்கியம். வினிகரும் எலுமிச்சையும் கிருமிநாசினிக்கு ஈடாக மாட்டா. பற்று வைத்த விசிலாக இருந்தால் பாத்திரத்தில் நீர் வற்ற விட்டுவிடாதீர்கள். பற்று நீரின் கொதிநிலையில் உருகாது, காய்ந்த பாத்திரத்தின் சூட்டில் உருகும்.

வெறும் பித்தளை: உள்ளே சோப்பு, வெளியே புளி. அவசரமாக மின்ன வேண்டுமென்றால் எலுமிச்சையும் உப்பும்.

அலுமினியம், வண்ணம், வார்னிஷ்: சோப்பு. வேறெதுவும் இல்லை.

## உலர்த்துவதில் கெடுப்பவர்கள் அதிகம்

கழுவியபின் உள்ளங்கையில் தட்டித் தட்டி நீரை வெளியேற்றுங்கள். ஊதுவாய் கீழாக, துணியின் மேல் சாய்த்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். உருண்டை இல்லாதது இரண்டு மூன்று மணி நேரத்தில் காயும். தக்கை உள்ளதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் காட்டினால் தக்கை வெடிக்கும், சுருங்கும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் கழுவியதன் பலனே இல்லை. மறுநாள் அதே நாற்றம்.

காய்ந்த பின் ஆட்டிப் பாருங்கள். உருண்டை தடையில்லாமல் உருள வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் குச்சியால் குத்தாமல் இன்னொரு நாள் விடுங்கள், பெரும்பாலும் தானே விடுபடும். ஓசை மெலிந்திருந்தால் காற்றுப் பாதையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நாரோ துகளோ தெரியும். மேல் திறப்பின் வழியே நீரைச் செலுத்தி ஊதுவாய் வழியாக வெளியேற்றினால் வந்துவிடும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வெறும் நீரில் அலசித் தட்டி வைப்பவருக்கு மேலே சொன்ன புளிப்புகளில் எதுவும் வருடத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாது. கயிற்றையும் தனியே துவையுங்கள். வியர்வை ஊறிய கயிறுதான் வளையத்தைச் சுற்றிக் களிம்பு பிடிக்க முதற்காரணம்.

## கழுவுவதா, மாற்றுவதா?

தக்கை துகள் துகளாக உதிர்ந்தால் எந்தப் பொருளும் உதவாது. துகள் தொண்டைக்குள் போகும் முன் விசிலை மாற்றுங்கள். ஊதுவாயில் முலாம் செதிலாக உரிந்து, எடுத்த இடத்திலேயே களிம்பு வாரத்துக்குள் திரும்பினால், வீட்டுப் பொருளால் முலாமைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஊதுவாய்க்கு ரப்பர் உறை மாட்டி உதட்டுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி வைக்கலாம், அல்லது முலாம் போடுபவரிடம் கொடுக்கலாம். பின்னதன் செலவு பல நேரம் புது விசிலின் விலையைத் தாண்டும். மேல் திறப்பின் விளிம்பு நசுங்கியோ மழுங்கியோ போயிருந்தால் அது சுத்தம் செய்யும் வேலையே அல்ல.

சேகரிப்புக்காக வைத்திருக்கும் பழைய விசில் என்றால் கணக்கு தலைகீழ். கறுப்புப் படலமும், செய்தவர் பொறித்த முத்திரையின் கூர்மையும்தான் அதன் மதிப்பு. ஒவ்வொரு தேய்ப்பும் எழுத்தைக் கொஞ்சம் மழுக்கும். ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து, காயவைத்து, ஊதாமல் வைத்துவிடுங்கள். களிம்பு மட்டும் தெரிந்தால் மரப் பல்குச்சியின் முனையால், எழுத்தைத் தொடாமல், சுரண்டி எடுங்கள்.